பாறைக்கு எதுக்குத் தலையணை?

செப்டம்பர் 2, செவ்வாய்

"டீச்சர், பாறைக்கு எதுக்குத் தலையணை?"

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் பல வருஷங்களுக்கு முன்னால் என்னிடம் கேட்ட கேள்வி இது. வகுப்பையே வாவல்மலைக் குகைக்கு நடத்திக் கூட்டிப் போயிருந்தேன். குகைத் தரையில் ஆள் நீளத்துக்கு வழவழவென்று செதுக்கிய கல் படுக்கைகள் உண்டு. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பாறையையே கொஞ்சம் மேடாக விட்டிருப்பார்கள். மற்ற பிள்ளைகள் பஞ்சபாண்டவர் படுத்த இடம் என்று தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார்கள். இவன் மட்டும் ஏறிப் படுத்து, தலையை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான். "பாறை தானா உண்டானதுன்னா, என் தலை இந்தப் பக்கம் வரும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அன்று அவனுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்விக்கு நான் வழக்கமாகத் தரும் பரிசு அது.

இன்று அது நினைவுக்கு வரக் காரணம், பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு. வாவல்மலையைக் கல் கம்பெனி குத்தகைக்குக் கேட்டிருக்கிறது. கம்பெனி இன்ஜினீயரின் அறிக்கையும் கூடவே இருக்கிறது. 'குகை இயற்கையாக உண்டானது. மனித வேலைப்பாடு எதுவும் இல்லை.' பதினெட்டாம் தேதி தொல்லியல் அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் மலைக்கு வெடி வைத்துவிடுவார்கள்.

அறிக்கையின் கீழே கையெழுத்தும் பெயரும் இருந்தன. வாசித்தேன். வீட்டுக்கு வந்து, கழுவிய பாத்திரங்களையே இன்னொரு தடவை கழுவினேன்.

இந்த நோட்டை இன்று தொடங்குகிறேன். என் பெயர் வெள்ளைத்தாய். ஓய்வு பெற்ற டீச்சர். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, எனக்கு மட்டும் என்று எழுத வராது. யாரோ எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டே எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 3, புதன்

மலைக்குப் போனேன். முழங்கால் போக வேண்டாம் என்றது. அதையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

எங்கள் ஊர் கீழச்சுரைக்குடி, மதுரைக்கு வடகிழக்கே இருக்கிறது. வயலும் பனையும் கண்மாயுமாகத் தட்டையாகக் கிடக்கும் தரையில் அங்கங்கே பாறைக் குன்றுகள் புடைத்து நிற்கும். சப்பாத்தியை அனலில் போட்டால் சில இடத்தில் மட்டும் உப்புமே, அப்படி. எங்கள் குன்றின் உச்சியில் கோடையிலும் வற்றாத ஒரு சுனை இருக்கிறது. நடுவயிற்றில் குகை. சாயங்காலம் ஆனால் வாவல்கள் கூட்டமாகக் கிளம்பும்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சமணத் துறவிகள் இந்த வழியாக ஊர் ஊராக நடந்தார்கள். மழைக்காலத்தில் மட்டும் நடக்க மாட்டார்கள். ஈரத்தில் ஊரும் புழு பூச்சி காலில் மிதிபட்டுச் சாகும் என்ற பயம். அந்த மாதங்களில் தங்க ஒரு குகை வேண்டும். வசதியுள்ள வியாபாரி யாராவது கல் தச்சனை வைத்துப் படுக்கை வெட்டிக் கொடுப்பார், சில இடங்களில் தன் பெயரையும் பாறையில் பொறித்துக்கொள்வார். நம்ப முடியவில்லையா? நம் கோயில் டியூப்லைட்டைப் பாருங்கள். 'உபயம்' என்று எழுதிய இடம் போக மீதியில்தான் வெளிச்சம் வரும்.

எங்கள் குகையை வெட்டிக் கொடுத்தவர் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அடக்கம்தான் இன்று வினையாகிவிட்டது. எழுத்து இல்லாததால் எங்கள் மலை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

படுக்கைகளைக் காட்டினால் முடிந்தது என்று நினைப்பீர்கள். படுக்கைகள் இப்போது டைல்ஸுக்கு அடியில் இருக்கின்றன.

குகைக்குள் மலைமுனியையா கோயில் கொண்டிருக்கிறார். நான் என் வீட்டுக்காரரோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் ஊரில் திருப்பணி நடந்தது. சாமிக்கு நல்லது செய்வதாக நினைத்து, மேடும் பள்ளமுமாக இருந்த தரை முழுக்கப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். டைல்ஸ் உபயம், இன்று மலையைக் கேட்கிற அதே கம்பெனியின் முதலாளி. வாசலிலேயே கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் அவர் பெயர் இருக்கிறது. இவர் அடக்கமானவர் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். காலையிலிருந்து போன். துபாயிலிருந்து ஒருவன், திருப்பூரிலிருந்து ஒருத்தி, பேரன் பிறந்திருக்கிறான் என்று சொல்ல ஒருவன். எல்லோரிடமும் பேசினேன். போனைச் சார்ஜ் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

மத்தியானம் நல்ல மழை. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே சன்ஷேடில் விழும் தண்ணீர் விளிம்புக்கு வந்து, அடிப்பக்கமாக உள்ளே வரப் பார்க்கிறது. காப்பியை டம்ளரிலிருந்து மெதுவாகச் சாய்த்தால் டம்ளரின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஓடுமே, அதே புத்திதான். ஆனால் சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு கோடு இழுத்திருக்கிறார். தண்ணீர் அந்தக் கோடு வரை வருகிறது, அதைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடுகிறது. சுவர் நனையவில்லை.

எழுந்து நின்றுவிட்டேன். குகையின் நெற்றியிலும் அப்படி ஒரு கோடு உண்டு! பாறை முகப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, உளியால் வெட்டியது. தரைக்கு டைல்ஸ் போட்டவர்கள் நெற்றிக்குப் போடவில்லை.

செப்டம்பர் 6, சனி

தொல்லியல் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதித் தபாலில் சேர்த்தேன். மாவு அரைத்தேன். போன் வரவில்லை என்று எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

ஊர்க்கூட்டம். "ரெண்டு டைல்ஸை எடுத்துப் பார்த்தால் போதும், படுக்கை தெரிந்துவிடும்" என்றேன்.

பூசாரி சின்னழகு நல்ல மனுஷர், கோபம் மட்டும் முன்னால் வந்துவிடும். "சாமி தரைய ஒடைக்கவா? டீச்சரு, நீங்க படிச்சவுக, என்ன வேணா பேசலாம். நாளைக்கு ஊர்ல ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எங்கிட்டத்தான வருவாக?"

"டைல்ஸுக்கு அடியில படுக்கை இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கு. சாமி பாறை மேல சிமெண்டு படக்கூடாதுன்னு நாந்தான் முதல்ல மணல் பரப்பச் சொன்னேன். அதுக்காக ஒடைக்க முடியுமா?"

பின்னாலிருந்து ஓர் இளவட்டம், "கம்பெனி வந்தா வேலை வரும். டீச்சருக்குப் பென்ஷன் வருது, அவுகளுக்கென்ன" என்றான்.

"வேலை வரும். மலை தீர்கிற வரைக்கும் வரும். அப்புறம் பள்ளம்தான் இருக்கும், அதில் என்ன வேலை பார்ப்பாய்?" என்று கேட்டேன். அவன் செல்போனைப் பார்த்தான்.

இன்னொருவர் எழுந்து, "அறிக்கையில கையெழுத்துப் போட்டது யாருன்னு டீச்சரே சபையில சொல்லட்டும்" என்றார்.

"என் மகன் நன்மாறன்" என்றேன். "அதற்கு என்ன இப்போ? கணக்குத் தப்பென்றால் யார் போட்டாலும் தப்புதான்."

வீட்டுக்கு வரும்போது பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வழக்கமாக வாய் ஓயாதவள். அன்று என் முழங்காலுக்குத் தகுந்தபடி நடப்பதிலேயே கவனமாக இருந்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நன்மாறன் வந்தான். கம்பெனி ஜீப்பில்.

தோசை வார்த்தேன். தக்காளிச் சட்னி. உட்கார்ந்த உடனே, "அம்மா, பதினெட்டாம் தேதி நீ மலைக்கு வராத" என்றான்.

"சூடா இருக்கும்போதே சாப்பிடு."

"நான் போய்ப் பார்த்தப்ப டைல்ஸ்தான் இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாததை எப்படிம்மா எழுதுறது?"

"டைல்ஸ் இருக்குன்னு எழுதலையேப்பா. எதுவும் இல்லைன்னுல்ல எழுதியிருக்க."

"எழுதிக் குடுன்னாங்க. நான் மாட்டேன்னா இன்னொருத்தன் எழுதுவான். மலை எப்படியும் போயிரும், கூடவே என் வேலையும் போகும். இதுல யாருக்கு லாபம்?"

இன்னொரு தோசை வைத்தேன். அதைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"நீ வந்து நின்னா என்னால அங்க நிக்க முடியாதும்மா."

"நான் நிப்பேன். முழங்கால் வலிச்சா உட்காருவேன். ஆனா அங்கதான் இருப்பேன்."

நான்காம் வகுப்பில் இவன் என் வகுப்பில்தான் படித்தான். பள்ளிக்கூடத்துக்குள் அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். தலையணைக் கேள்வியைக் கேட்டவன் இவன்தான்.

மறந்திருப்பான். நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, யாருக்கும் மறக்கும். ஆனால் போகும்போது அலமாரி டப்பாவைத் திறந்து, கேட்காமலே ஒரு கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டு போனான்.

செப்டம்பர் 15, திங்கள்

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால், பெண்கள் சுனையில் குடம் குடமாக மொண்டு குகையின் நெற்றிப் பாறை மேல் ஊற்றுவார்கள். சாமிக்கு மழையை ஞாபகப்படுத்துவதற்காக. 'மழைக்குடம்' என்று பெயர். அதைப் பதினெட்டாம் தேதி ஊற்றினால் என்ன? தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அதிகாரி தன் கண்ணால் பார்க்கட்டும்.

சின்னழகு ஒரேயடியாக மறுக்கவில்லை. "இந்த வருசந்தான் மழை பேஞ்சிருச்சே. பேஞ்ச வருசம் குடம் ஊத்துற வழக்கமில்ல. இருந்தாலும் உத்தரவு கேட்டுப் பாப்போம்" என்றார். உத்தரவு என்றால் பல்லி. சாமி முன்னால் உட்கார்ந்து மனதில் கேட்க வேண்டும். பல்லி சத்தம் கொடுத்தால் சம்மதம்.

உட்கார்ந்தோம், நான், பஞ்சவர்ணம், இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். வெயில் குகை வாசலிலிருந்து படிக்கு இறங்கிவிட்டது. பல்லி சுவரில்தான் இருந்தது. ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றது. வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை.

"பல்லியையும் கம்பெனியில கவனிச்சுட்டாக போல" என்றாள் பஞ்சவர்ணம்.

சின்னழகு எழுந்து துண்டை உதறினார். "உத்தரவு வரல."

"வேணாம்னும் வரலையே மாமா! என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நானும் இப்படித்தான் பேசாம உக்காந்திருந்தேன். பேசலைன்னா சம்மதந்தான்னு நீங்கதான தாம்பூலம் மாத்துனீக?"

குகையே சிரித்தது. சின்னழகும் சிரித்துவிட்டார். ஆனால், "குடத்துக்கு நான் குறுக்க நிக்கல. தரையில மட்டும் எவரும் கை வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

செப்டம்பர் 17, புதன்

வெளுத்த சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கட்டும் சேலை.

செப்டம்பர் 18, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அதிகாரி ஒரு பெண். குடை பிடிக்காமல் மலை ஏறி வந்தார், அப்போதே கொஞ்சம் பிடித்துப்போயிற்று. கம்பெனி தரப்பில் வெள்ளைச் சட்டை மேனேஜரும் அவருக்குப் பின்னால் நன்மாறனும் வந்தார்கள். மேனேஜர் செருப்பைக் கழற்றினார். நன்மாறன் பூட்ஸோடு வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். என்னைப் பார்க்கவில்லை. ஊரே படியிலும் பாறையிலும் உட்கார்ந்திருந்தது.

"பாருங்க மேடம். இயற்கையான பாறை. உள்ளே சின்னதா ஒரு சாமி. சாமிக்கு வேற இடத்துல எங்க முதலாளி பெரிய கோயிலே கட்டித் தர்றேங்கிறார்" என்றார் மேனேஜர்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "நீங்கதான் மனு குடுத்தவங்களா? சொல்லுங்கம்மா."

"சொல்லப் போவதில்லை, காட்டப் போகிறேன். நீங்கள் உள்ளே சாமிக்குப் பக்கத்தில் நில்லுங்கள்" என்றேன். மேலே பார்த்துக் கையை அசைத்தேன்.

குலவைச் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் தண்ணீர். முப்பது நாற்பது குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ, பாறையின் மேலிருந்து வெள்ளி வெள்ளியாக இறங்கி நெற்றிக்கு வந்தது. அந்தக் கோட்டைத் தொட்டதுமே பாறையை விட்டுவிட்டு நேராகக் கீழே விழுந்தது. குகை வாசல் முழுக்கத் தண்ணீர்த் திரை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அதிகாரி கையை நீட்டித் திரையைத் தொட்டுப் பார்த்தார். கோட்டுக்குச் சரியாகக் கீழே போய் நின்றிருந்த மேனேஜர்தான் நனைந்துபோனார்.

"இயற்கையா நனைஞ்சிட்டீங்களா சார்?" என்று மேலிருந்து பஞ்சவர்ணம் கேட்டாள்.

"பாறை தானாக உண்டானதென்றால்," என்றேன், "உள்ளே ஆள் இருப்பான், அவன் நனையக் கூடாது என்று அதற்கு எப்படித் தெரியும்?"

அதிகாரி வெளியே வந்து அண்ணாந்து, கோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். "வெட்டினதுதான். சந்தேகமில்ல" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா இது ஒண்ணை மட்டும் வச்சா, எவனோ சமீபத்துல வெட்டினான்னு வாதாடுவாங்கம்மா. படுக்கை ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் பேச்சே இல்ல. கோயில் தரையை உடைக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார்.

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். அப்போது சும்மா இருந்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார். கோபம், பேசிவிட்டார். "எவனும் தரையில கை வைக்கக் கூடாது. அது எங்க டைல்ஸ். எங்க முதலாளி போட்டது. ஒண்ணு உடைஞ்சாலும் கேஸ் போடுவேன்!"

சின்னழகு சாமிக்குப் பக்கத்தில் விபூதித் தட்டோடு நின்றிருந்தார். தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யாரு டைல்ஸு?"

"எங்க முதலாளியோடது. வாசல்ல பேரு இருக்குல்ல."

"சாமிக்குக் குடுத்துட்டோம்னுதான அன்னைக்கி மாலை போட்டு, பரிவட்டம் கட்டிட்டுப் போனாரு? குடுத்தது சாமியோடதுய்யா. உண்டியல்ல போட்டுட்டு மிச்சம் கேப்பீகளா? எடுத்துட்டுப் போங்க உங்க டைல்ஸை! டேய், பந்தக்காலு தோண்டுற கடப்பாரை எங்கடா?"

பல்லியிடம் கேட்கவில்லை. கடப்பாரையை வாங்கி, சாமியைப் பார்த்துக் கும்பிட்டு, ஓங்கி ஒரு போடு. அந்தச் சத்தம் குகைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. வாவல்கள் பட்டப்பகலில் பறந்தன.

டைல்ஸ் கிளம்பியது. கீழே மணல். வாரி எடுத்தோம். கீழே பாறை. வெறும் பாறை. இன்னொன்றை உடைத்தார். அங்கேயும் கரடு முரடான பாறைதான். படுக்கைகள் எந்தப் பக்கம் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பீடத்தை இடம் மாற்றிச் சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்கள், எனக்கே திசை குழம்பிவிட்டது.

"தோண்டுங்க, தோண்டுங்க, புதையல் வரும்" என்று மேனேஜர் சிரித்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்னழகு கடப்பாரையைத் தரையில் ஊன்றினார். சாமி தரையை வீணாக உடைத்துவிட்டோமோ என்ற பயம் அவர் முகத்தில் ஏறுவதைப் பார்த்தேன்.

கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினேன் என்று எழுதினால் அது பொய். வாசல் பக்கம் திரும்பி, வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் கேட்டேன்.

"நன்மாறா! பாறைக்கு எதுக்குத் தலையணை?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். முதல் தடவையாக அவன் என்னைப் பார்த்தான். மேனேஜர், "சார், நீங்க ஜீப்புக்குப் போங்க" என்றார்.

அவன் குனிந்தான். பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தான். ஒரு கயிறு முடிச்சு விழுந்து, அவிழ நேரம் ஆனது. வெறுங்காலோடு உள்ளே வந்தான். பீடத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். கூரையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. படுத்துக்கொண்டு பார்த்தவனுக்குத்தானே அது நினைவிருக்கும்? அதற்கு நேர் கீழே வந்து நின்று, குதிகாலால் தட்டினான்.

"இங்க, டீச்சர்" என்றான்.

சின்னழகு உடைத்தார். நன்மாறனே மண்டியிட்டு மணலை இரண்டு கையாலும் தள்ளினான். வழவழவென்று கல் வந்தது. இன்னும் தள்ளினான். தலைமாட்டு மேடு வந்தது. அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

மேலே குலவை விட்டார்கள். பல்லி சத்தம் கொடுத்ததாகப் பஞ்சவர்ணம் சத்தியம் செய்கிறாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

குகை வாசலில் கயிறு கட்டி, இறுதி முடிவு வரும்வரை மலையில் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று பலகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கம்பெனி விடுவதாக இல்லை. டைல்ஸை உடைத்ததற்குச் சின்னழகு மேலும், தூண்டிவிட்டதற்கு என் மேலும் புகார் கொடுத்திருக்கிறது. போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வெளுத்த சேலை துவைத்துக் காய்கிறது. போவேன். டம்ளரும் தண்ணீரும் கொண்டு போவேன். அந்தக் கோடு எதற்கென்று புரியாவிட்டால் அங்கேயே இன்னொரு தடவை நடத்திக் காட்டுவேன்.

நன்மாறன் ஜீப் இல்லாமல் வந்திருக்கிறான், பஸ்ஸில். வேலையைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மத்தியானம் நாலு தோசை சாப்பிட்டான். இப்போது கூடத்தில் கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறான். தலையணை ஒன்றை மெதுவாக நுழைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள், வீட்டுப்பாடம் தராமல் விட மாட்டேன். அடுத்த மழைக்கு உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டி, சன்ஷேடின் அடியில் விரலால் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள்.